உதிரிபாகத்தைத் திறந்து பார்க்காமலே சுங்கவரி கட்டுவது எப்படி?

பொன்முடியில் உங்களுக்கு ஒரு தேயிலைத் தொழிற்சாலை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கல்லாறு தாண்டினால் 22 கொண்டை ஊசி வளைவு, மேலே மூடுபனி, போன் சிக்னல் தன் இஷ்டத்துக்கு வரும். தொழிற்சாலையில் ஒரு கலர் சார்ட்டர் நிற்கிறது. ஜப்பானிலோ கொரியாவிலோ செய்தது. ஓடிவரும் தூளைக் கேமராவால் பார்த்து, காம்போ நாரோ தென்பட்டால் சட்டென்று காற்றை ஊதி வெளியே தள்ளும். கொழுந்து குவிகிற சீசனாகப் பார்த்து அது படுத்துக்கொண்டது. காற்று ஊதும் வால்வுகள், ஒரு கேமரா, ஒரு பேரிங், ரப்பர் சீல்கள், ஒரு பெல்ட், ஒரு பாக்கெட் ஸ்க்ரூ, எல்லாம் கடல் கடந்து வந்தாக வேண்டும். பழைய உருட்டு இயந்திரத்தின் பல்சக்கரம் என்றால் கோயம்புத்தூர் லேத்துப் பட்டறையில் கடைந்து வாங்கிவிடலாம். கேமராவைக் கடைய முடியாது.

வருகிற ஒவ்வொரு சாமானுக்கும் சுங்கத்துக்கு எட்டு இலக்க எண் ஒன்று எழுதிக் கொடுக்க வேண்டும். அதைத் தவறாக எழுதுவதற்கான கையேடு இது. உங்களுக்குப் புதிய வித்தை எதுவும் இல்லை. இப்போதே நீங்கள் தவறாகத்தான் எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். குறை என்னவென்றால், அரைமனதாக எழுதுகிறீர்கள். ஒரு வரி தவறாகப் போகிறது, அடுத்த வரி கைதவறிச் சரியாகிவிடுகிறது. இனி முறையாகச் செய்வோம்.

1. ஃபிட்டரை அருகில் விடாதீர்கள்.

தொழிற்சாலையில் அந்தச் சாமானைக் கையால் தொட்டுக் கழற்றியவர் ஒருவர்தான். "அண்ணாச்சி, இது என்னது?" என்று கேட்டுப் பாருங்கள். "இதுவா சார், காத்தைத் திறந்து மூடுற வால்வுல்லா? உள்ள ஒரு காயில் இருக்கு. வால்வு நல்லாத்தான் இருக்கு, காயில்தான் எரிஞ்சு போச்சு" என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுவார். எதனால் ஆனது, என்ன வேலை செய்கிறது, வேறு மெஷினில் மாட்டினால் ஓடுமா என்று சுங்கச் சட்டம் கேட்கிற கேள்விகள் எல்லாவற்றுக்கும் அவரிடம் பதில் இருக்கிறது. ஆபத்தான மனிதர்.

ஆகவே கோப்பை அவர் கண்ணில் படாத இடத்துக்கு நகர்த்துங்கள். திருவனந்தபுரம் ஆபீசில் இருக்கும் பர்ச்சேஸ் பையனிடம் கொடுங்கள், அவன் மலையேறியதில்லை. அவன் கொச்சியில் உள்ள சிஎச்ஏ, அதாவது சுங்க முகவர், ஆபீசுக்கு மெயில் போடுவான். அங்கே போன வாரம் வேலைக்குச் சேர்ந்த இன்னொரு பையன் அதைத் திறப்பான். இப்போது சாமானைத் தெரிந்தவருக்கும் எண்ணை எழுதுகிறவருக்கும் நடுவே இருநூறு கிலோமீட்டருக்கு மேல் இடைவெளி கிடைத்துவிட்டது. பாதி வேலை முடிந்தது.

2. சப்ளையர் கொடுத்த எண்ணை அப்படியே நறுக்குங்கள்.

இன்வாய்ஸிலேயே எச்எஸ் கோடு அச்சாகியிருக்கும். அதைவிட வசதி என்ன வேண்டும்? உலக சுங்க அமைப்பின் ஒத்திசைந்த பட்டியல் (அதுதான் எச்எஸ்) 1988இல் நடைமுறைக்கு வந்தது. அதில் முதல் ஆறு இலக்கங்கள்தான் நாடுகளுக்குப் பொது. அதற்குப் பிறகு அவரவர் வீட்டுக் கணக்கு. கொரியாவில் பத்து இலக்கம், ஜப்பானில் ஒன்பது, நமக்கு 2003 முதல் எட்டு. கொரியாக்காரர் பத்து இலக்கம் தந்தால் கடைசி இரண்டை வெட்டி எறியுங்கள், எட்டு வந்துவிடும். ஏழாவதும் எட்டாவதும் கொரியாவின் புள்ளிவிவரத்துக்காகப் பிறந்தவை, இந்தியப் பட்டியலில் அப்படியொரு வரி இருக்குமா என்றெல்லாம் யோசித்தால் சாமான் எப்போது மலையேறும்?

முதல் ஆறு இலக்கமாவது சரியாக இருக்குமே என்று சிலர் வாதிடுவார்கள். அனுப்புகிற நாட்டில் ஏற்றுமதிக்குப் பெரும்பாலும் வரி கிடையாது; எந்த எண் போட்டாலும் அவருக்கு நஷ்டமில்லை. நஷ்டமில்லாதவர் எவ்வளவு கவனமாக எழுதுவாரோ அவ்வளவு கவனமாகத்தான் எழுதியிருப்பார். நம்புங்கள்.

3. சாமானின் பெயரை எழுதாதீர்கள்.

"தேயிலை மெஷினுக்கு ஸ்பேர் பார்ட்ஸ், 1 லாட்." இதைவிட நல்ல விவரணையை யாரும் எழுதியதில்லை. வால்வு, கேமரா, பெல்ட் என்று பிரித்து எழுதினால் ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் தேட வேண்டிவரும். பார்ட் நம்பர், உலோகமா ரப்பரா, அளவு, கேட்டலாக் பக்கம் எதையும் சேர்க்க வேண்டாம். சப்ளையர் தானாகவே விரிவாக எழுதி அனுப்பினால், "சுருக்கமாக இருக்கட்டும்" என்று திருப்பி மெயில் போடுங்கள்.

ஒரு காலத்தில் பெல்ஃபாஸ்ட்டின் டேவிட்சன் கம்பெனி செய்த சிராக்கோ உலர்த்திகளும், கெய்ன்ஸ்பரோவின் மார்ஷல் கம்பெனி செய்த உருட்டு இயந்திரங்களும் இந்தியா, இலங்கைத் தேயிலை மலைகளுக்குக் கப்பலில் வந்தன. அவற்றில் கண்ணால் பார்த்தால் தெரியாத பாகம் என்று எதுவும் கிடையாது. இரும்பு, பித்தளை, மரம். இன்றைய சார்ட்டருக்குள் ஒளியியல், மின்னணு, காற்றழுத்தம் என மூன்று துறை உட்கார்ந்திருக்கின்றன. விவரணை நீள வேண்டிய காலம். நீங்கள் சுருக்குங்கள்.

4. எல்லாவற்றையும் 8438 90 90இல் போடுங்கள்.

இதுதான் கையேட்டின் மையம். நிதானமாகப் படியுங்கள்.

சுங்கப் பட்டியலில் 8438 என்பது உணவும் பானமும் தயாரிக்கும் தொழில்துறை இயந்திரங்களின் தலைப்பு. தேயிலையை உருட்டவும் வெட்டவும் செய்கிற இயந்திரத்துக்கு அதிலேயே 8438 80 40 என்று தனி வரி இருக்கிறது. 8438 90 அவற்றின் பாகங்கள்; கடைசியில் 'மற்றவை'. அந்த 'மற்றவை' ஓர் அன்னதான மண்டபம், யார் வந்து உட்கார்ந்தாலும் இலை போடும் என்று நீங்கள் நம்ப வேண்டும். உங்கள் அப்பா காலத்து பில்லிலும் அப்படித்தான் இருக்கிறது.

இந்த நம்பிக்கையைக் கெடுப்பது ஒன்றே ஒன்றுதான்: பகுதி 16இன் முகப்பில் இருக்கும் குறிப்புகள். 84, 85 அத்தியாயங்கள் இரண்டுக்கும் சேர்த்து, அத்தியாயம் தொடங்கும் முன்பே அச்சிட்டிருக்கிறார்கள். அந்தப் பக்கத்தைப் புரட்டாமல் நேராக 8438க்குப் போய்விடுங்கள். தப்பித் தவறிப் படித்துவிட்டால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், எதைத் தவிர்க்கிறோம் என்று தெரிந்து தவிர்ப்பது நல்லது.

முதல் குறிப்பு சிலரை வாசலிலேயே நிறுத்திவிடும். ரப்பர் பெல்ட்டா? அது 4010, ரப்பர் அத்தியாயத்துக்குப் போ. ரப்பர் சீலா? 4016. ஸ்க்ரூவா, போல்ட்டா? 7318. ஸ்பிரிங்கா? 7320. எங்கு வேண்டுமானாலும் மாட்டக்கூடிய இந்த இரும்புச் சாமான்களுக்குப் 'பொதுப் பயன்பாட்டுப் பாகங்கள்' என்று பெயர். உங்கள் மெஷினுக்கென்றே அளவெடுத்துச் செய்த ஸ்க்ரூ என்று சத்தியம் செய்தாலும் ஸ்க்ரூ ஸ்க்ரூதான். கேமராவின் முன்னால் இருக்கும் கண்ணாடித் தகடு உடைந்ததா? அதை 84ஆம் அத்தியாயத்தின் சொந்தக் குறிப்பே கண்ணாடி அத்தியாயத்துக்கு அனுப்பிவிடும்.

இரண்டாவது குறிப்பு இன்னும் கொடியது. அதில் மூன்று படி. முதல் படி: 84, 85 அத்தியாயங்களில் தனக்கென்று தலைப்பு உள்ள சாமான், எந்த மெஷினுக்குள் போனாலும் தன் தலைப்பிலேயே நிற்கும். வால்வு 8481. பேரிங் 8482. கியரும் ஷாஃப்டும் 8483. காற்று வடிகட்டி 8421. மோட்டார் 8501. கேமரா 8525. சார்ட்டருக்குள் போனதால் வால்வு தேயிலை மெஷின் ஆகிவிடாது. இரண்டாம் படி: அப்படித் தனித் தலைப்பு இல்லாமல், ஒரு குறிப்பிட்ட வகை இயந்திரத்துக்கு மட்டுமே அல்லது முக்கியமாக அதற்கே பயன்படுகிற பாகம் இருந்தால், அது அந்த இயந்திரத்தோடு போகும். நீங்கள் ஆசைப்படும் 8438 90 இங்கேதான் இருக்கிறது, இரண்டாவது படியில், முதல் படியில் தேறாதவர்களுக்காக. மூன்றாம் படி: எதிலும் ஒட்டாதவற்றுக்கு 8487 போன்ற பொதுத் தலைப்புகள்.

ஆக, உங்கள் பெட்டியில் இருந்த சாமான்களில் 8438 90க்கு உண்மையான உரிமை உள்ளது எது? தூள் இறங்கும் அந்த வளைந்த தகரச் சரிவு ஒன்று இருந்தால் அது. மற்றவை எல்லாம் வேறு வேறு வீட்டுப் பிள்ளைகள்.

சீல்களில் இன்னொரு வேடிக்கை உண்டு. ரப்பர் சீல் தனியாக வந்தால் 4016. வெவ்வேறு பொருளால் ஆன கேஸ்கெட்டுகளைச் செட்டாக ஒரே பையில் போட்டு வந்தால் 8484. பையைப் பிரிப்பதற்கு முன் ஓர் எண், தனித்தனியே வாங்கினால் வேறு எண். இதெல்லாம் மனிதன் நினைவில் வைத்துக்கொள்கிற விஷயமா? வேண்டாம்.

அதைவிடப் பெரிய வேடிக்கை சார்ட்டரே எங்கே உட்காரும் என்பது. பொறுக்கித் தரம் பிரிக்கும் இயந்திரங்களுக்கு 8437 இருக்கிறது; ஆனால் அது விதை, தானியம், உலர்ந்த பருப்பு வகை ஆகியவற்றுக்கு. தேயிலை விதையுமில்லை, தானியமுமில்லை, பருப்புமில்லை. அப்படியானால் 8438ஆ, வேறெங்கும் சேராத இயந்திரங்களுக்கான 8479ஆ? பாகத்தின் எண் மெஷினின் எண்ணைத் தொடர்ந்து வருவதால், மெஷின் வந்த அன்று என்ன எழுதினோம் என்று தேடிப் பார்க்க வேண்டும். தேடாதீர்கள்.

5. படித்தே தீர்வேன் என்றால், பாதியில் நிறுத்துங்கள்.

'மட்டுமே அல்லது முக்கியமாக' என்ற சொற்களை மட்டும் மஞ்சள் மையால் அடிக்கோடிட்டு, அதற்கு மேலே இருக்கும் முதல் படியைக் கட்டைவிரலால் மறைத்துக்கொள்ளுங்கள். யாராவது கேட்டால் உச்ச நீதிமன்றத்தைத் துணைக்கு அழையுங்கள். கொல்கத்தாவின் வெஸ்டிங்ஹவுஸ் சாக்ஸ்பி ஃபார்மர் நிறுவனம் ரயில்வே சிக்னலுக்கென்றே ரிலே செய்தது. மின் ரிலேக்களுக்கு 8536இல் இடம் இருக்கிறது, அங்கேதான் போக வேண்டும் என்றது கலால் துறை. ரயில்வே சிக்னல் கருவிக்கான 8608தான் என்றது நிறுவனம். தொண்ணூறுகளில் தொடங்கிய கலால் வரி வழக்கு இது. 2021 மார்ச் 8 அன்று உச்ச நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. முக்கியப் பயன்பாடு எது என்று பார், என்றது.

இந்தத் தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு பேரிங் முதல் ஸ்பிரிங் வரை எல்லாவற்றையும் "எங்கள் மெஷினுக்கு மட்டுமே" என்று எழுதுங்கள். அந்தத் தீர்ப்பு ரயில், வாகனம் அடங்கிய பகுதி 17இன் குறிப்புகளை வைத்து எழுதப்பட்டது, உங்கள் மெஷின் இருப்பது பகுதி 16இல், இரண்டின் குறிப்புகளும் ஒன்றல்ல என்ற தகவலைச் சொல்லாமல் விட்டுவிடுங்கள். துறையும் இந்தத் தீர்ப்பால் கொஞ்சம் ஆடித்தான் போனது. 2022 ஜனவரியில் மறைமுக வரிகள் வாரியம் தன் அதிகாரிகளுக்கு வாகன உதிரிபாகங்கள் பற்றி அறிவுறுத்தல் அனுப்பி, ஒவ்வொரு வழக்கின் உண்மைகளையும் பார்த்து முடிவெடுக்கச் சொல்ல வேண்டியிருந்தது.

எதிர்ப்பக்கம் ஓடுகிறவர்களுக்கும் தீர்ப்பு உண்டு. 2020 மே மாதம், யூனி புராடக்ட்ஸ் வழக்கில், காருக்குள் விரிக்கும் பாய் காரின் பாகமல்ல, தரைவிரிப்புதான் என்று அதே நீதிமன்றம் சொன்னது. காருக்காகவே வெட்டித் தைத்த பாய் அது. ரிலே ரயிலோடு போனது. பாய் காரை விட்டு இறங்கிவிட்டது. இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால், சட்டம் சாமானின் பக்கத்தில் உட்கார்ந்து அதை உற்றுப் பார்க்கச் சொல்கிறது என்ற எண்ணம் வந்துவிடும். ஆகவே ஒன்றை மட்டும் படியுங்கள், உங்களுக்குச் சாதகமானதை.

6. முதலில் வரி விகிதத்தைத் தேர்ந்தெடுங்கள். எண் பின்னால் வரட்டும்.

உதாரணம் பார்ப்போம். 2021 பட்ஜெட்டில் ஸ்க்ரூ, போல்ட் வகையறாவின் அடிப்படைச் சுங்கவரியை 10 சதவீதத்திலிருந்து 15 ஆக்கினார்கள். 8438இன் பாகம் என்றால் 7.5. ஆயிரம் ரூபாய் ஸ்க்ரூ பாக்கெட்டுக்கு முறைப்படி 150 ரூபாய், அதன் மேல் பத்தில் ஒரு பங்கு சமூகநலக் கூடுதல் கட்டணம் 15, ஆக 165. மெஷின் பாகம் என்று எழுதினால் 75, அதோடு 7.50, ஆக 82.50. ஐஜிஎஸ்டியும் கொஞ்சம் மாறும், அது எப்படியும் கிரெடிட்டில் திரும்பிவிடும். மிச்சம் பிடித்தது 82 ரூபாய் 50 காசு.

இந்த 82 ரூபாய்க்காக ஒரு முழுச் சட்டத்தின் முன்னால் தலையை நீட்டுகிறீர்கள். பிரிவு 111இன்படி தவறாக அறிவித்த சரக்கைப் பறிமுதல் செய்யலாம். பிரிவு 125இன்படி மீட்க அபராதம் கட்டலாம். சந்தேகம் வந்து நிறுத்தி வைத்தால் ஒவ்வொரு நாளும் டெமரேஜ் என்ற தாமதக் கட்டணம் ஏறும். பில் ஆஃப் என்ட்ரி என்ற இறக்குமதிப் படிவத்தைத் தாமதமாகப் போட்டால் முதல் மூன்று நாளைக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாய், பிறகு நாளொன்றுக்கு 10,000. மேலே மலையில் கொழுந்து வாடிக்கொண்டிருக்கும். இருந்தாலும் 82 ரூபாய் 82 ரூபாய்தானே? விடாதீர்கள்.

7. இலவசமாக வந்த சாமானுக்கு மதிப்பு பூஜ்யம் என்று எழுதுங்கள்.

வாரண்டியில் சப்ளையர் இனாமாக அனுப்பிய கேமரா. பணம் கொடுக்கவில்லை, பிறகு எதற்கு வரி? 'வணிக மதிப்பு இல்லை' என்று எழுதி அனுப்பச் சொல்லுங்கள். இறக்குமதிச் சரக்கின் மதிப்பு, நீங்கள் பணம் கொடுத்தீர்களா என்பதோடு முடிந்துவிடுவதில்லை என்று 2007ஆம் ஆண்டு மதிப்பீட்டு விதிகள் சொல்லும். சொல்லட்டும்.

8. பழுதான போர்டை ரிப்பேருக்கு அனுப்பும்போது சீரியல் நம்பரைக் குறித்துவைக்காதீர்கள்.

வெளிநாட்டில் பழுது பார்த்து மூன்று ஆண்டுக்குள் திரும்பி வரும் பொருளுக்கு, 2017ஆம் ஆண்டின் 45ஆம் எண் அறிவிக்கையின்படி, ரிப்பேர் செலவுக்கும் போக வர சரக்குக் கட்டணம், காப்பீடு ஆகியவற்றுக்கும் மட்டும் வரி கட்டினால் போதும். முக்கிய நிபந்தனை, போனதும் வந்ததும் அதே பொருள் என்று காட்ட வேண்டும். போட்டோ எடுக்காமல், நம்பர் எழுதாமல், பழைய சாக்கில் சுற்றி அனுப்பிவிடுங்கள். திரும்பி வரும்போது முழு மதிப்புக்கும் வரி கட்டலாம். அரசாங்கத்துக்கும் நாலு காசு போய்ச் சேரட்டும்.

9. பெரிய கனவு இருந்தால், முழு மெஷினையே துண்டு துண்டாக வரவழையுங்கள்.

பிரித்து அனுப்பினால் எல்லாம் 'பார்ட்ஸ்' ஆகிவிடும் என்பது பழைய நம்பிக்கை. பிரித்து வந்தாலும் முழுப்பொருளின் சாரம் இருந்தால் அதை முழுப்பொருளாகவே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று பட்டியலின் பொது விதி 2(அ) சொல்கிறது. 2024 செப்டம்பரில் ஸ்கோடா ஆட்டோ ஃபோக்ஸ்வேகன் இந்தியாவுக்குப் போன நோட்டீசின் சாரமும் இதுதான்: ஏறக்குறைய முழுக் காரையே தனித்தனிப் பாகங்களாகக் காட்டி, 30 முதல் 35 சதவீதம் கட்ட வேண்டிய இடத்தில் 5 முதல் 15 சதவீதம் கட்டினார்கள் என்று துறை குற்றம் சாட்டியது. கேட்ட தொகை 140 கோடி டாலர். நிறுவனம் மறுத்து பம்பாய் உயர்நீதிமன்றம் போனது. உங்கள் தொழிற்சாலையின் அளவுக்கு இவ்வளவு பெரிய நோட்டீஸ் வராது. அதற்காக மனம் தளர வேண்டாம்.

வரிக்காகப் பொருளின் பெயரை மாற்றிப் பார்ப்பது அமெரிக்காவிலும் உண்டு. 2003இல் பொம்மைக் கம்பெனி ஒன்று, தன் எக்ஸ்மென் உருவங்கள் மனிதர்கள் அல்ல என்று நீதிமன்றத்தில் நிரூபித்து ஜெயித்தது. மனித உருவம் என்றால் 12 சதவீதம், மற்ற விளையாட்டுச் சாமான் என்றால் 6.8. ஆனால் அங்கே நீதிபதி ஒவ்வொரு உருவத்தையும் மேசைமேல் வைத்து, நகத்தையும் வாலையும் பார்த்துத்தான் எழுதினார். நமக்கு அந்த வழக்கம் ஒத்துவராது.

10. 'போன தடவை கிளியர் ஆச்சே' என்பதையே சாஸ்திரமாகக் கொள்ளுங்கள்.

2011 ஏப்ரல் 8 முதல் வரியைக் கணக்கிடுவது நீங்களேதான். சுயமதிப்பீடு என்று பெயர். நீங்கள் எழுதியதைக் கணினி ஆபத்துக் கணக்குப் போட்டுப் பார்த்து, பெரும்பாலானவற்றைத் திறக்காமலே விட்டுவிடும். இதைச் சுங்கத்துறையின் ஒப்புதல் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

மிச்சத்தை ஓர் அதிகாரி பார்ப்பார், ஆனால் அவர் கொச்சியில் இருக்க வேண்டும் என்பதில்லை. முகமற்ற மதிப்பீடு 2020 ஜூன் 8 அன்று பெங்களூரிலும் சென்னையிலும் தொடங்கியது. முதலில் எடுத்துக்கொண்டதே முக்கியமாக 84, 85 அத்தியாயங்கள்தான். அந்த ஆண்டு அக்டோபர் முடிவதற்குள் நாடு முழுக்க வந்துவிட்டது. உங்கள் வால்வு திருவனந்தபுரத்தின் ஷங்குமுகம் விமான நிலையச் சரக்ககத்தில் கிடக்க, அதற்கு எண் சரியா என்று வேறொரு ஊரில் ஒருவர் திரையைப் பார்த்து முடிவெடுப்பார். லஞ்சத்துக்கு இது நல்ல மருந்துதான், அதை மறுக்க மாட்டேன். ஆனால் கணக்கைப் பாருங்கள்: பர்ச்சேஸ் பையன் சாமானைப் பார்க்கவில்லை, சிஎச்ஏ பார்க்கவில்லை, கணினி பார்க்கவில்லை, அதிகாரியும் படத்தைத்தான் பார்க்கிறார், அதுவும் நீங்கள் ஏற்றியிருந்தால். இவ்வளவு பேர் கூடிச் செய்த வகைப்பாட்டைச் சந்தேகிக்க நீங்கள் யார்?

அடுத்த ஆர்டருக்கும் அதே எண். அதற்கடுத்ததற்கும். நகல் எடுத்து ஒட்டுங்கள். தவறு ஒன்றாக இருந்தால் தவறு; ஐந்து வருஷம் தொடர்ந்தால் நிறுவன மரபு.

11. முன்கூட்டியே கேட்டுவிடாதீர்கள்.

எண்ணில் சந்தேகம் இருந்தால் இறக்குமதிக்கு முன்பே தீர்ப்புக் கேட்க வழி இருக்கிறது. முன்தீர்ப்பு ஆணையம் 2021 முதல் டெல்லியிலும் மும்பையிலும் இயங்குகிறது. கட்டணம் 10,000 ரூபாய், மூன்று மாதத்துக்குள் பதில். அதுவும் வேண்டாமென்றால் பிரிவு 18இன் கீழ்த் தற்காலிக மதிப்பீடு கேட்கலாம். அதுவும் வேண்டாமென்றால் 'ஃபர்ஸ்ட் செக்' கேட்டு, பெட்டியைத் திறந்து பார்த்தபின் எண் எழுதலாம். மூன்றுமே சாமானை யாராவது பார்க்கும்படி செய்துவிடும். இந்தக் கையேட்டின் நோக்கத்துக்கே விரோதம்.

12. நோட்டீஸ் வந்ததும் எல்லோரையும் காட்டிக்கொடுங்கள்.

வரும். சாதாரணத் தவறுக்கு இரண்டு ஆண்டு வரை பின்னோக்கிக் கேட்பார்கள். வேண்டுமென்றே மறைத்தீர்கள் என்று தோன்றினால் ஐந்து ஆண்டு. இப்போதுதான் இந்தக் கையேட்டின் மூன்றாவது கட்டளையின் அருமை தெரியும். "தேயிலை மெஷினுக்கு ஸ்பேர் பார்ட்ஸ், 1 லாட்" என்று எழுதியதை மறைப்பு என்பதா சோம்பல் என்பதா என்று விசாரணை அதிகாரி முடிவெடுக்க வேண்டும். இரண்டாவதற்குச் சட்டத்தில் தனிப் பிரிவு கிடையாது.

பதில் எழுதுங்கள்: "சிஎச்ஏ போட்ட எண்." சிஎச்ஏ எழுதுவார்: "இறக்குமதியாளர் கொடுத்த எண்." பர்ச்சேஸ் பையன் இதற்குள் வேறு கம்பெனிக்குப் போயிருப்பான். சப்ளையர், தன் நாட்டில் அந்த எண் சரிதான் என்று மரியாதையாக மெயில் போடுவார். வட்டி வருடத்துக்கு 15 சதவீதம் ஓடும். மறைப்பு என்று குற்றம் சாட்டிய நோட்டீஸ் கிடைத்த 30 நாளுக்குள் வரியும் வட்டியும் கட்டினால் வரியில் 15 சதவீதம் அபராதத்தோடு முடிந்துவிடும். இவ்வளவு மலிவாக முடித்துக்கொள்வதா? உத்தரவு வரும்வரை காத்திருங்கள். அப்போது வரிக்கும் வட்டிக்கும் சமமான தொகை அபராதம். உத்தரவு வந்த 30 நாளுக்குள் கட்டினால் அதில் கால் பங்கு. அந்த 30 நாளையும் விட்டுவிட்டால் முழுசும் உங்களுடையது.

நேரடி விசாரணைக்குக் கூப்பிட்டால் வக்கீலை அனுப்புங்கள், கோப்பை அனுப்புங்கள். ஃபிட்டரையும் அந்த எரிந்துபோன வால்வையும் மட்டும் அனுப்பிவிடாதீர்கள். வால்வை மேசைமேல் வைத்தால் அஞ்சு நிமிஷத்தில் எல்லோரும் வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

13. புத்தி வந்தபின், எதிர்த்திசையில் தவறு செய்யுங்கள்.

நோட்டீஸ் வாங்கியவர்களுக்கு ஒரு பக்தி வரும். இனிமேல் எந்த எண்ணில் வரி அதிகமோ அதையே போடுவேன், யாரும் கேட்க மாட்டார்கள். அருமையான முடிவு. உண்மையிலேயே 8438 90க்கு உரிமையுள்ள அந்தத் தகரச் சரிவையும் 15 சதவீதத்தில் போட்டு வரி கட்டுங்கள். அதிகமாகக் கட்டியதைப் பிறகு திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்று நினைப்பீர்கள்.

2019 செப்டம்பர் 18 அன்று ஐடிசி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது: சுயமதிப்பீடும் ஒரு மதிப்பீட்டு உத்தரவே, அதை மேல்முறையீட்டிலோ வேறு முறையிலோ மாற்றாமல் பணத்தைத் திரும்பக் கேட்க முடியாது. அதாவது நீங்களே எழுதியதை எதிர்த்து நீங்களே மேல்முறையீடு செய்ய வேண்டும். அதற்கு 60 நாள் அவகாசம், தக்க காரணம் காட்டினால் இன்னும் 30. மலையில் சீசன் முடிந்து கணக்குப் பார்க்க உட்காரும்போது அது தாண்டியிருக்கும்.

மனம் விடாதீர்கள், பிரிவு 149 இருக்கிறது. பில் ஆஃப் என்ட்ரியைத் திருத்தித் தரக் கேட்கலாம். சரக்கை விடுவித்த அன்றே கையில் இருந்த ஆவணத்தைச் சான்றாகக் காட்ட வேண்டும், பிறகு தயாரித்தது செல்லாது. உங்களிடம் அன்று இருந்த ஆவணம் ஒன்றுதான், ஒரு வரி இன்வாய்ஸ். அதில் என்ன எழுதச் சொன்னீர்கள் என்று நினைவிருக்கிறதல்லவா? இரண்டு நகல் எடுத்து, கம்பெனி சீல் குத்தி, மனுவோடு இணைத்து அனுப்புங்கள்.